எந்தப் பஸ் இலவசம்?

மாணவர்களுக்குப் பஸ் இலவசம் என்று யாராவது பெருமையோடு சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தோன்றுகிறது: எந்தப் பஸ்?

இது விதண்டாவாதம் என்று வாசகர்கள் நினைக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். ஜவ்வாது மலையில் ஒரு வாரம் தங்கி, காலையிலும் மாலையிலும் பஸ் நிற்கிற இடத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்து விட்டு வந்தவனுக்கு வேறு கேள்வி தோன்றாது.

சென்னையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கதைகள் நிறையப் படிப்பவர், என் கதைகளைக்கூடப் படிப்பவர் என்றால் பாருங்களேன். அவர் ஒருநாள் சொன்னார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஐயா குறைச்சல்? பதினோராம் வகுப்பில் சைக்கிள் கொடுத்தாகிறது. பஸ் பாஸ் கொடுத்தாகிறது. பெண்ணாகப் பிறந்துவிட்டால் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. மாசம் ஆயிரம் ரூபாய் வேறே. நாங்களெல்லாம் காலேஜுக்கு நடந்தே போனோம்!"

அவர் நடந்தது மைலாப்பூரிலிருந்து சேப்பாக்கத்துக்கு. வழி நெடுகக் கடல் காற்று.

அவரைப் பரிகசிக்க வேண்டும் என்பது என் நோக்கமல்ல. அவர் சொன்ன ஒவ்வொரு சலுகையும் உண்மை. சென்னைப் பையனுக்கு அவை உபயோகப்படுகின்றன என்பதும் உண்மை. பட்டணத்தில் படிக்கிற பையன் சிக்கனமாக ஊர் சுற்றுவதில் பெரிய நிபுணன். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலுக்கு சீஸன் டிக்கெட் வாங்கி வைத்திருப்பான். எந்த நம்பர் பஸ்ஸில் கட்டணம் குறைவு, எந்த ஸ்டாப்பில் இறங்கி எந்தச் சந்தில் புகுந்தால் அடுத்த டிக்கெட் மிச்சம், ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் சேர்ந்தால் எவ்வளவு குறையும் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒரு பஸ் போய்விட்டால் அவன் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பின்னாலேயே இன்னொன்று வரும் என்று தெரியும். அந்த அலட்சியம்தான் நிஜமான செல்வம். அவன் அதைச் செல்வம் என்று அறியவே மாட்டான்.

சிக்கனப் பிரயாணம் பற்றிச் சொல்லப்படுகிற யோசனைகள் அத்தனைக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. வண்டி இருக்கிறது, கட்டணம்தான் பிரச்னை என்பது அந்த அனுமானம். மலையில் ஏறியவுடன் முதலில் உடைந்து போவது அதுதான்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. நடுவே ஜமுனாமரத்தூர். ஒரு பக்கம் இறங்கினால் போளூர், அதைத் தாண்டித் திருவண்ணாமலை. இன்னொரு பக்கம் காவலூர் வழியாக ஆலங்காயம், அப்புறம் வாணியம்பாடி, திருப்பத்தூர். 2019-இல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்த பிறகு, இந்த ஒரே மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று கலெக்டர்களுக்குப் பங்காகிவிட்டது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மலை ஜனங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட எல்லைகள் வேறு. நாம் காகிதத்தில் கோடு போட்டு வகுத்தவை வேறு. மூன்று வீட்டுக்கும் பொதுவான கிணற்றை யார் தூர்வாருவது என்ற வழக்கு நம் கிராமங்களில் தெரிந்ததுதானே? இந்த மலைப்பாதையும் அப்படித்தான்.

இங்கே வசிக்கிறவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பஸ்ஸைக் கூப்பிட அவர்களால் ஆகவில்லை. சாமை விதைக்கிறார்கள், புளியும் தேனும் பலாவும் கீழே அனுப்புகிறார்கள். சிறு சிறு ஊர்கள். தார் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருப்பவையும் உண்டு. சைக்கிள் கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் ஐயா, சைக்கிள் மலையேறாது. இறங்கும், அந்த வளைவுகளில் அது இறங்குகிற வேகத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். கீழே ஒரு கல்லூரியில் ரசாயனம் இரண்டாம் வருஷம். ஊர்ப் பெயரையும் கல்லூரிப் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை.

"பாஸ் இருக்கா அம்மா?" என்றேன்.

"இருக்கு சார்." பையைத் திறந்து காட்டினாள். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அப்புறம் என்ன கஷ்டம்?"

சிரித்தாள். "பாஸ் இருக்கு சார். பஸ்ஸுதான் இல்ல."

விடிவதற்கு முன் எழுந்து, ஊரிலிருந்து ரோட்டுக்கு நடந்து வந்து, முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் இரண்டாவது பீரியடுக்காவது போய்ச் சேர முடியும். அது பரவாயில்லை, காலை நேரத்தை எப்படியோ சமாளித்து விடுகிறாள். அவளைக் கொல்வது சாயங்காலம்தான். ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து, அங்கிருந்து ஒரு டவுன் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் மலைக்குப் போகிற கடைசி வண்டி கிளம்பி விடுகிறது.

"விட்டுட்டா என்ன செய்வே?"

"கீழ அக்கா வீடு இருக்கு சார். அங்கதான் போவேன். எத்தினி நாளு போறது? அக்கா ஒண்ணும் சொல்லாது. மாமா மூஞ்சி மாறுது."

எத்தனையோ கதைகளில் குடும்பச் சிக்கலை எழுதியிருக்கிறேன். ஒரு பஸ்ஸின் நேரத்தை அரை மணி தள்ளிப் போட்டால் தீர்ந்துவிடக்கூடிய குடும்பச் சிக்கல் ஒன்றை நான் கேள்விப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆகவே இப்போது அவள் வாரத்தில் இரண்டு நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து பாதியிலேயே வந்துவிடுகிறாள். கண்ணாடிக் குழாயில் நிறம் மாறுவதற்குள் அவள் வெளியேறியாக வேண்டும். செய்முறைத் தேர்வில் மார்க் குறைகிறது. "ஒனக்காக காலேஜ் டைமை மாத்த முடியுமான்னு கேக்கறாங்க சார். அதுவும் நியாயந்தான?" என்றாள்.

நியாயமில்லை அம்மா. அவளிடம் அன்றைக்கு இதைச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். மணியை மாற்ற முடியாது என்றால் பஸ்ஸை மாற்ற முடியும். இரண்டையும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து நீ மாறிக்கொள் என்று சொல்வதற்குப் பெயர் நிர்வாகமல்ல.

பையன்கள் இன்னும் அபாயமாகச் சமாளிக்கிறார்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். இல்லாவிட்டால் புளி மூட்டை ஏற்றி வந்து திரும்புகிற சரக்கு வண்டி. கேட்ட காசைக் கொடுக்க வேண்டும். அங்கே பாஸ் செல்லாது. அந்த வளைவுகளில் இப்படிப் போவது எதில் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி, இந்த மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில், கோயில் திருவிழாவுக்கு ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போன வண்டி ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். மறுநாள் பத்திரிகைகள் டிரைவரைப் பற்றியும், வண்டியில் ஏற்றிய எண்ணிக்கையைப் பற்றியும் எழுதின. இத்தனை பேர் அந்த வண்டியில் ஏன் ஏறினார்கள்? பண்டிகை குஷியினாலா? நல்ல வண்டி ஒன்று உரிய நேரத்தில் வந்திருந்தால் எந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறுவாள்?

கணக்குப் பிரியர்களுக்காக ஒரு கணக்கும் போடுகிறேன். 2018 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் பஸ் கட்டணத்தை உயர்த்தினார்கள். சாதாரண வெளியூர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 42 பைசாவாக இருந்தது ஒரே இரவில் 60 பைசா ஆயிற்று. மாணவர்கள் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு சர்க்கார் மனமிரங்கி அதை 58 பைசாவாகக் குறைத்தது. போராட்டத்தின் விலை இரண்டு பைசா! போகட்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் சுமார் 40 கிலோமீட்டர். ஒரு வழிக்கு 23 ரூபாய் 20 காசு. போக, வர 46 ரூபாய் 40 காசு. மாதத்தில் 22 நாள் கல்லூரி என்றால் 1020 ரூபாய் 80 காசு. மலைப்பாதைக்கென்று மேலே போடுகிற கூடுதலை நான் இதில் சேர்க்கவில்லை. போளூரில் இறங்கித் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ ஏறுகிற இன்னொரு பஸ்ஸையும் சேர்க்கவில்லை.

சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில். நல்ல திட்டங்கள். குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போன பிள்ளைக்குப் பஸ்ஸில் பாதிக் கட்டணச் சலுகைதான். பஸ் இல்லாத நாட்களில் வேன்காரனுக்குக் கொடுப்பதில் பாதியும் கிடையாது, காலும் கிடையாது. புத்தகத்துக்கு என்று மனமுவந்து கொடுத்த ஆயிரம் ரூபாய் டயருக்கும் டீசலுக்கும் போய்விடுகிறது என்றால், மாணவருக்கு உதவுகிறோமா, வேன் சொந்தக்காரருக்கு உதவுகிறோமா?

பெண்களுக்கு இலவசப் பிரயாணத்தின் கதையையும் பார்ப்போம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று உத்தரவானது. லட்சக்கணக்கான பெண்கள் அதனால் பலனடைகிறார்கள். வேலைக்குப் போகிற பெண்ணின் கையில் நாலு காசு நிற்கிறது. நான் அதை முழு மனத்தோடு வரவேற்கிறவன். ஆனால் மலைகளில் ஓடுகிற பஸ்ஸுக்கு 'நகரப் பேருந்து' என்று பெயரில்லாததால் மலைப் பெண்கள் விட்டுப்போனார்கள். ஒரு பெயர்ப் பலகையில் உள்ள வார்த்தைக்காக! மூன்று வருஷம் கழித்து, 2024 பிப்ரவரி பட்ஜெட்டில், மலைப் பகுதிகளுக்கும் விஸ்தரிக்கிறோம் என்றார்கள். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை என்று பெயர்கள் வாசிக்கப்பட்டன. நான் ஆவலோடு பார்த்தேன். ஜவ்வாது என்ற பெயர் வாசிக்கப்படவில்லை. உல்லாசப் பிரயாணிகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிற மலைகள்தான் கோட்டையில் உள்ளவர்களின் நினைவில் சட்டென்று வரும் போலிருக்கிறது. பெயர் தெரியாத மலையென்று சொல்லவும் வழியில்லை. காவலூரில்தான் நம் தேசத்தின் பெருமையான வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்டபோது, அதைக் கவனித்த கண்களில் காவலூர்த் தொலைநோக்கியும் ஒன்று. அத்தனை தூரத்து வளையத்தைப் பார்த்த மலையிலிருந்து, பத்து மைலுக்குள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பிள்ளைகளை நம்மால் பார்க்க முடியவில்லை.

இனி, வழக்கமான ஆட்சேபணை. "மலைக்குப் பஸ் விட்டால் நஷ்டம்."

நஷ்டம்தான். யார் இல்லை என்றார்கள்? 1972-இல் பல்லவன் என்றும் பாண்டியன் என்றும் சேரன் என்றும் சோழன் என்றும் அரச பரம்பரையின் பெயர்களை வைத்துப் போக்குவரத்துக் கழகங்களை ஆரம்பித்தபோது என்ன சொன்னார்கள்? லாபம் வருகிற பாதையில் மட்டும் வண்டி ஓட்டுவதுதான் தனியார் முதலாளியின் குணம். நாம் லாபமில்லாத பாதையிலும் ஓட்டுவோம் என்றுதானே? முதலாளியின் குணத்தைக் கண்டித்துவிட்டு முதலாளியின் கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? பள்ளிக்கூடம் நஷ்டத்தில் நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ் மட்டும் லாபத்தில் ஓட வேண்டுமாம்!

2025-இல் புதிய மினி பஸ் திட்டம் ஒன்றும் வந்தது. பஸ் போகாத ஊர்களுக்குத் தனியார் சிற்றுந்துகள். சமவெளியில் பிரமாதமாக நடக்கலாம். ஆனால் தனியார் வண்டி ஆள் சேர்ந்தால்தான் நகரும். ஆய்வுக்கூடத்தில் நிறம் மாறும் வரை காத்திராது.

"ஹாஸ்டல் இருக்கிறதே!" என்பார்கள் இன்னும் சிலர். இருக்கிறது, இருக்க வேண்டும், இன்னும் நிறையக் கட்ட வேண்டும். ஆனால் ஹாஸ்டலைப் பஸ்ஸுக்குப் பதிலாகச் சொல்கிறவர்கள் மலைக் குடும்பத்தை அறியாதவர்கள். சாமை அறுவடைக்கு ஒரு கை குறைந்தால் அந்த வீட்டில் அடுத்த மாதச் சோறு குறையும். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது யார்? வயசுக்கு வந்த பெண்ணை மாதக் கணக்கில் கீழே விடச் சம்மதிக்காத தகப்பன்மார் அங்கே உண்டு. இங்கே மட்டும் இல்லையா? நமது மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் எத்தனை தகப்பன்மார் "வீட்டிலிருந்து போய் வரும்படியான காலேஜாகப் பார்" என்று சொல்லியிருக்கிறார்கள்! நம் பெண்ணுக்கு நாம் கேட்கிற சலுகையை மலைக்காரன் தன் பெண்ணுக்குக் கேட்டால் அது மட்டும் பிற்போக்கா? மலைமேலேயே கல்லூரி திறந்தால் தீர்ந்தது என்போருக்கும் இதுதான் பதில்: திறக்கட்டும், சந்தோஷம். சட்டம், மருத்துவம், பொறியியல் என்று ஆசைப்படுகிற பிள்ளை அப்போதும் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்?

2024 பிப்ரவரியில் நாமெல்லோரும் கைதட்டினோம், நினைவிருக்கிறதா? ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற 23 வயது மலையாளிப் பெண் சிவில் நீதிபதித் தேர்வில் தேறினார். பிரசவமாகி இரண்டாம் நாள் சென்னைக்கு வந்து தேர்வு எழுதினார். முதலமைச்சரிலிருந்து எல்லோரும் பாராட்டினார்கள். நானும் நெகிழ்ந்தேன். ஆனால் நெகிழ்ச்சியோடு நின்றுவிடுவது ஒருவகைச் சோம்பேறித்தனம். பச்சை உடம்புக்காரியை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் அழைத்து வர வீட்டார் துணை நின்றார்கள், பிழைத்தது. கார் ஏற்பாடு செய்ய முடியாத வீட்டில் பிறந்த ஸ்ரீபதிகள் எத்தனை பேர் என்று அன்றைக்கு எந்தத் தலையங்கமும் கேட்கவில்லை. வீராங்கனைகளைப் போற்றுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. பஸ் விடுவதைவிடச் செலவு குறைவு.

மலை மாணவர்கள் ஏன் கூச்சல் போடுவதில்லை என்று ஒரு பத்திரிகை நண்பர் கேட்டார். எங்கே போய்ப் போடுவார்கள்? 1953 ஜூலையில் கல்கத்தாவில் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரே ஒரு பைசா ஏற்றியது. நகரமே கொந்தளித்தது, மாணவர்கள் முன்னால் நின்றார்கள், வெள்ளைக்காரக் கம்பெனி பணிந்தது. 2019 அக்டோபரில் சிலி தேசத்தின் சாந்தியாகோவில் சுரங்க ரயிலுக்கு 30 பெஸோ கூட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் தடுப்புக் கதவுகளைத் தாண்டிக் குதித்தார்கள். அது நாடு தழுவிய கிளர்ச்சியாயிற்று. கட்டணத்தை வாபஸ் வாங்கியதோடு முடியவில்லை. இந்த மாணவர்களுக்கெல்லாம் ஒரு பாக்கியம் இருந்தது: மறிப்பதற்கு ஒரு டிராம் இருந்தது, தாண்டிக் குதிக்க ஒரு கதவு இருந்தது. வராத பஸ்ஸை எப்படி ஐயா மறியல் செய்வது?

நான் கேட்பது பெரிய காரியமல்ல. மலைக்கு ரயில் விடச் சொல்லவில்லை. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில், பருவக் கட்டணத்தோடு ஒரு தொகையைச் சேர்த்து வாங்கிக்கொண்டு, மாணவர் அட்டையைக் காட்டினால் வட்டாரம் முழுக்கப் பஸ்ஸிலும் ரயிலிலும் போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். முதலில், மலையில் ஓடுகிற பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருந்தாலும் அதில் பெண்ணுக்கு டிக்கெட் கிடையாது என்று ஜவ்வாதின் பெயரைச் சொல்லி ஓர் உத்தரவு போடட்டும். மாணவர் எந்தக் கல்லூரியானாலும் மலைப்பாதையில் மட்டுமாவது முழுச் சலுகை தரட்டும். அந்தப் பாதையில் ஏறுகிற மாணவர்களின் எண்ணிக்கை கஜானாவைக் காலி செய்துவிடாது.

இரண்டாவதாக, மூன்று ஜில்லா அதிகாரிகளும் ஒருநாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, போளூர், திருவண்ணாமலை, ஆலங்காயம், திருப்பத்தூர் என்று நான்கு ஊர்களிலிருந்து மலைக்குக் கிளம்புகிற கடைசி வண்டிகளின் நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதட்டும். பக்கத்திலேயே அந்தந்த வட்டாரக் கல்லூரிகளில் ஆய்வுக்கூடம் முடிகிற நேரத்தையும் எழுதட்டும். இதற்குக் கமிஷன் தேவையில்லை. கல்லூரிக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டால் போதும். இரண்டு நேரங்களுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பஸ்ஸை மேலே அனுப்பட்டும். அந்த நான்கு பஸ்களுக்கு மாதத்தில் எத்தனை லிட்டர் டீசல் கூடுதலாக ஆகும் என்று எந்த உத்தியோகஸ்தராவது எனக்குக் கணக்கு எழுதி அனுப்பினால், அதை இந்தப் பக்கத்திலேயே, ஒரு எழுத்து மாற்றாமல், வாசகர்கள் முன் வைக்க நான் தயார்.